சென்னையில் சூழல் நிகழ்வுகளும் பசுமை வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் நடைபெறும் ஆமை நடை, பறவை நோக்கல், ஏரித் தூய்மைப் பணி போன்றவற்றில் கலந்துகொள்ள விரும்புவோரும், வீட்டளவில் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள முனைவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இந்நகரில் இத்தகைய வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் உழைப்பில் பாதி வீணாகிவிடும் என்பதால், விடைகளில் மாதக் கணக்கு அடிக்கடி வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டின் எந்த மாதத்தில் எந்த நிகழ்வில் கலந்துகொள்ளலாம்?

சென்னையின் சூழல் ஆண்டை வடகிழக்குப் பருவமழையிலிருந்து கணக்கிடுவதே பொருத்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் அந்த மழையில்தான் நகரின் ஆண்டு மழையளவில் பெரும்பகுதி கிடைக்கிறது. எனவே ஏரி, குளம், வடிகால், மழைநீர்க் குழாய் தொடர்பான எல்லா வேலைகளும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். மழை தொடங்கியதும் மரம் நடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் தங்கியிருக்கும்; ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கடலாமைகள் கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியில் செய்யத்தக்கவை குறைவு. அந்த வெயிலில் தன்னார்வலர்களைத் திரட்டி நண்பகல் வரை வேலை வாங்குவதை ஒருங்கிணைப்பாளர்கள் தவிர்ப்பதே முறை.

ஆமை நடை என்பது என்ன? அதை யார் நடத்துகிறார்கள்?

பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை, முட்டையிடுவதற்காகச் சென்னைக் கரைக்கு இரவில் வருகிறது. 1970களின் முற்பகுதியில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் பாம்புப் பண்ணையில் இருந்த இளைஞர்களும் இக்கரையில் இரவு நடையைத் தொடங்கினர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அப்பணியைத் தொடர்ந்து செய்துவருகின்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கடற்கரையே அவர்களின் முதன்மையான தடம். பருவ காலத்தின் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் நடை விடியலுக்குச் சற்று முன் முடியும்.

ஆமையை நேரில் காண்பது அரிது. பெரும்பாலான இரவுகளில் அதன் தடம் மட்டுமே கிடைக்கும். அலை விளிம்பிலிருந்து மேலேறும் தடம் ஒன்று, திரும்பிச் செல்லும் தடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கலைந்த மணல் இருக்கும். பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒரு கோலை அம்மணலில் மெல்ல ஊன்றிப் பார்ப்பார். மற்ற இடங்களில் இறுகி நிற்கும் கோல், முட்டைக்குழியின் மேல் மட்டும் எளிதாக உள்ளிறங்கும். அதன் பிறகு கையாலேயே தோண்டுவார்கள். முழங்கை ஆழத்துக்குக் கீழே, வாய் குறுகி அடி அகன்ற குடுவை போன்ற குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றைத் துணிப்பையில் எடுத்துச் சென்று, பொரிப்பகத்தில் அதே ஆழத்திலும் அதே வடிவிலும் தோண்டிய குழியில் சில மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். முட்டையிட்ட இடத்திலேயே விட்டுவைப்பதுதான் இயற்கைக்கு உகந்தது என்றாலும், நாய்களும் தெருவிளக்குகளும் நிறைந்த நகரக் கரையில் அதற்கு வாய்ப்பில்லை.

ஆமை நடையில் கைவிளக்கும் கைப்பேசிப் படமும் ஏன் கூடாது?

குஞ்சுகள் இருட்டில் மிக வெளிச்சமாகத் தெரியும் திசையை நோக்கி நகரும் இயல்புடையவை. மனிதர் இல்லாத கரையில் அந்தத் திசை கடல். சென்னையில் அது சாலையாகிவிடுகிறது. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தையோ நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். மேலும், சிற்றாமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம்; அதைத் தொடுவதும் முட்டையைக் கையாள்வதும் வனத்துறையின் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை. இதற்கு உடன்படாதவர் நடைக்கு வராமலிருப்பது ஆமைக்கும் அமைப்பாளருக்கும் செய்யும் உதவியாகும்.

நடைக்கு வருவோர் சில இரவுகளில் இறந்த ஆமைகளையும் காண நேரிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர இயலாமல் மூழ்கி இறப்பதே இத்தகைய இறப்புகளின் முதன்மைக் காரணம். குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோர் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பறவைகளைப் பற்றி எதுவும் தெரியாது. பறவை நோக்கலுக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று காகத்தையும் மைனாவையும் எண்ணிப் பதிவுசெய்தாலும் அது பயனுள்ள தரவே. நீர்ப்பறவைகளைக் காணப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஏற்றது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இந்நிலத்தில் நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, கூழைக்கடா, ஊசிவால் வாத்து ஆகியவற்றைத் துரைப்பாக்கம் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வரும். 1978 முதல் இயங்கிவரும் சென்னை இயற்கையாளர் சங்கம் ஏற்பாடு செய்யும் நடைகளில் அனுபவம் மிக்கவர்களுடன் செல்லலாம். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் குறையில்லை. பளிச்சென்ற நிறத்தில் உடை அணியாமல் வந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் குப்பை அள்ளுவதால் என்ன மாறிவிடும்?

கேள்வியில் உள்ள ஐயம் நியாயமானதே. ஆகாயத்தாமரையை எத்தனை முறை வாரிக் கரையில் போட்டாலும், கழிவுநீர் ஏரிக்குள் வருவது நிற்காதவரை சில வாரங்களில் அது மீண்டும் நீரை மூடிவிடும். ஏனெனில் அக்கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். ஆகவே தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள், கழிவுநீர் எந்த இடத்தில் ஏரியில் கலக்கிறது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டுள்ளது, உபரி நீர் வெளியேறும் கலங்கல் திறந்திருக்கிறதா என்ற மூன்றையும் படத்துடன் குறித்துக்கொண்டு வந்தால், அன்று அள்ளிய குப்பையைவிட அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். சிட்லப்பாக்கம் ஏரியில் 2019ஆம் ஆண்டின் வறண்ட கோடையில் குடியிருப்போர் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதோடு நிற்காமல் விடாது முறையிட்டதால்தான் அரசு நிதி ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது.

ஏரியில் இறங்குவோர் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் அணிய வேண்டும். எலிச் சிறுநீரால் மாசுபட்ட நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், காலில் புண் உள்ளவர்கள் கரையிலேயே வேலை செய்வது பாதுகாப்பானது. தண்ணீர்ப் புட்டியைத் தாமே கொண்டுவர வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டியுள்ளது. ஏரித் தூய்மைப் பணி முடிந்த இடத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களும் நெகிழ்திரைப் (ஃபிளெக்ஸ்) பதாகையும் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

கடற்கரையில் எண்ணெய் கசிந்தால் உதவிக்குப் போகலாமா?

செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் நடைபெறும் கடற்கரைத் தூய்மை நாள் போன்றவற்றில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எண்ணெய்க் கசிவு அப்படிப்பட்டதன்று. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெயை, மாணவர்களும் மீனவர்களும் பணியாளர்களும் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் பரவியபோதும் மீனவர்களே படகில் சென்று அள்ள நேர்ந்தது. தோலையும் நுரையீரலையும் பாதிக்கும் பொருளை வெறுங்கையால் அள்ளும் நிலைக்கு மக்களை விடுவது தன்னார்வத் தொண்டு ஆகாது. அது நிர்வாகத்தின் ஆயத்தமின்மை. முகக்கவசம், எண்ணெய் புகாத கையுறை, மருத்துவக் கண்காணிப்பு ஆகியவை இல்லாமல் அழைத்தால் மறுத்துவிடுங்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கான நிவாரணப் பணியில் சேரலாம்.

மரம் நட விரும்புகிறோம். எந்த மரம், எந்த இடம்?

2016 டிசம்பர் 12ஆம் நாள் கரையைக் கடந்த வர்தா புயலில் நகரின் பல ஆயிரம் மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காக வேகமாக வளர்க்கப்பட்ட அயல் மரங்கள் மிகுதியாக விழுந்தன என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: அடிமரத்தை நெருக்கிப் பூசிய சிமெண்டும், வடிகாலுக்கும் கம்பிவடத்துக்கும் தோண்டியபோது ஒரு பக்கமாக வெட்டப்பட்ட வேர்களும். கடற்கரையோரம் புன்னையும் பூவரசும், உள்பகுதிகளில் புங்கம், வேம்பு, மகிழம், நாவல் ஆகியவையும் நன்றாக நிற்கும். எதை நட்டாலும் அடியில் நான்கடிக்கு நான்கடி மண் திறந்திருக்க இடமில்லையென்றால் அங்கே நட வேண்டாம்.

நடும் நாளைவிட அடுத்த இரண்டு கோடைகளே கன்றுக்குச் சோதனை. ஐப்பசியில் நட்ட கன்றுக்குச் சித்திரையில் நீரூற்ற யார் வருவார் என்பது முடிவாகாத நிகழ்வு, படம் எடுத்துக்கொள்வதற்கான நிகழ்வாக மட்டுமே முடியும். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் ‘நிழல்’ என்னும் மர ஆர்வலர் அமைப்பின் முயற்சியால் உருவான மரப்பூங்கா, தொடர்ந்து பராமரித்தால் குப்பை கொட்டிய நிலம் என்னவாகும் என்பதைக் காட்டுகிறது. அங்கு நடைபெறும் மர நடைகளில் சேர்ந்தால் மரங்களை இலையையும் பட்டையையும் கொண்டு அடையாளம் காணப் பழகலாம். ஏற்கெனவே நிற்கும் தெருமரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குவதும், அடியில் பூசிய சிமெண்டை உடைக்க மாநகராட்சியிடம் கேட்பதும் புதுக்கன்று நடுவதற்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில தெருக்களில் அது உண்மைதான். அதற்காகப் பிரிப்பதை நிறுத்தினால் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். மக்காத குப்பையை விற்று வரும் சிறு தொகை தூய்மைப் பணியாளருக்கோ குப்பை பொறுக்குவோருக்கோ போய்ச் சேர்கிறது. சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டிக்கும் தயிர் ஒட்டிய உறைக்கும் பழைய பொருள் கடையில் விலையில்லை. பால், தயிர் உறைகளைக் கத்தரித்து ஒருமுறை அலசிக் காயவைத்தால் அவை விலைபோகும் பொருளாகின்றன. உறையின் மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல், கீறலிட்டு உறையோடு ஒட்டியிருக்க விடுங்கள். தனியே விழும் அந்தச் சிறு முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. அணையாடையையும் (டயப்பர்) மாதவிடாய்ப் பஞ்சுப் பட்டையையும் (நாப்கின்) செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுங்கள். பணியாளர்கள் அவற்றைக் கையால் பிரிக்கும் நிலை ஏற்படக்கூடாது.

பிரிக்காத குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகள். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்புநிலத்தையே தின்று வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அது பல நாள்கள் எரிந்து சுற்றுப்புற மக்களை மூச்சுத் திணற வைத்தது. காய்கறிக் கழிவு காற்றில்லாமல் அழுகும்போது உண்டாகும் மீத்தேன் இத்தகைய தீக்கு எரிபொருள் ஆகிறது. ஆகவே சமையலறைக் கழிவை மட்டுமாவது வெளியே அனுப்பாமல் இருந்தால் அதன் பயன் பெரிது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் உரம் தயாரித்தால் நாற்றமும் புழுவும் வராதா?

நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தேங்காய் நார்க்கழிவோ சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறி, அவ்வப்போது கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால், இரண்டு மாதத்தில் மண்வாசனை வீசும் கருநிற உரம் கிடைக்கும். கைப்பிடி அளவு எடுத்துப் பிழியும்போது நீர் சொட்டாமல், உள்ளங்கை மட்டும் ஈரமானால் பதம் சரி. தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் தோன்றினால் அஞ்ச வேண்டாம்; அவை கழிவை விரைவாகத் தின்று உரமாக்கும் படைவீரன் ஈயின் புழுக்கள், வீட்டு ஈ போல் உணவைத் தேடி வருபவை அல்ல. மீன், இறைச்சி, எண்ணெய் மிகுந்த குழம்பு ஆகியவற்றைத் தொடக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பலர் கைவிடுவது கார்த்திகை மழையில், காய்ந்த இலை கிடைக்காத நாள்களில்தான். மாசி, பங்குனியில் தெருமரங்கள் இலையுதிர்க்கும்போதே இரண்டு மூன்று சாக்கு நிறையச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் அந்த இலைகள் கொளுத்தப்படுவதும் அதனால் குறையும்.

மாடித்தோட்டத்தை எப்போது தொடங்குவது?

ஆடியில் விதைத்துத் தொடங்கலாம். சித்திரையில் தொடங்கினால் வெயிலோடு போராடியே சலித்துவிடும். தோட்டக்கலைத்துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளையில் (பொருள்களின் தொகுப்பில்) வளர்ப்புப் பைகள், தேங்காய் நார்க்கட்டி, விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் முதலியன இருக்கும். முதலில் கீரை, பிறகு கத்தரி, வெண்டை என்று போவது எளிது. பையைத் தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் செங்கல்லின் மேல் வைத்தால் தளம் கசியாது.

எங்கள் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, அது போதாதா?

2003ஆம் ஆண்டில் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அவசரமாகத் தோண்டி ஜல்லி நிரப்பிய குழிகள் பலவற்றில் சேறு அடைத்து, இன்று நீர் இறங்குவதில்லை. ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் விழுகிறது. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அப்படியானால் அந்த மாடியில் மட்டும் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் பத்துக்கு மேல். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடற்கரைப் பகுதிகளில் ஆழமற்ற கசிவுக்குழியே போதும். களிமண் பகுதிகளில் களிமண் அடுக்கைத் தாண்டிச் செல்லும் உறைகிணறு வேண்டும். மூன்றடி விட்டமும் பன்னிரண்டு முதல் பதினைந்தடி ஆழமும் வழக்கமான அளவு. அதில் எதையும் நிரப்பாமல் மூடியிட்டு வைத்தால் ஆண்டுதோறும் தூர்வாரலாம். பழைய கிணறு இருந்தால் மாடி நீரை வடிகட்டி அதிலேயே விடுவது எல்லாவற்றிலும் மலிவு. மந்தைவெளியில் சேகர் ராகவன் 2002 முதல் நடத்திவரும் மழை மையத்தில் மாதிரிகளை நேரில் பார்த்து ஆலோசனை பெறலாம். ஆவணி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழாய் எங்கே போய் முடிகிறது என்று தேடிப் பாருங்கள். பல குடியிருப்புகளில் அது தெருவின் மழைநீர் வடிகாலில் முடிகிறது; சிலவற்றில் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருக்கிறது.

பிளாஸ்டிக் தடை இருக்கிறதே, மஞ்சப்பையால் கூடுதலாக என்ன ஆகும்?

தமிழகத்தில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பர் 23இல் தொடங்கியது. பத்து ரூபாய் நாணயம் போட்டால் பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு முதலிய இடங்களில் வைக்கப்பட்டன. புதுப்புதுத் துணிப்பைகளை வாங்கிக் குவிப்பதும் ஒரு வீண் செலவே. இருக்கும் இரண்டு பைகளை வண்டியின் இருக்கைக்கடியில் வைத்திருங்கள். வீட்டு விருந்துகளில் பிளாஸ்டிக் பூசிய தாள் கோப்பைக்குப் பதிலாக எவர்சில்வர் தம்ளரை வாடகைக்கு எடுக்கலாம். பாத்திர வாடகைக் கடைகள் இன்னும் எல்லாப் பேட்டைகளிலும் இருக்கின்றன.

போகியும் விநாயகர் சதுர்த்தியும் பற்றி?

போகியன்று பழைய துணியும் பாயும் டயரும் எரிந்த புகையோடு மார்கழிப் பனியும் சேர்ந்து, 2018இல் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையே தெரியாத அளவுக்குப் புகைமூட்டம் எழுந்தது. மாநகராட்சி போகிக்கு முந்தைய நாள்களில் பழைய பொருள்களை வாங்கிக்கொள்கிறது. அவற்றை அங்கே ஒப்படைத்துவிடலாம். விநாயகர் சிலையைப் பொறுத்தவரை, சுடாத களிமண்ணாக, வண்ணம் பூசாததாக வாங்கி வாளி நீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். பாரிஸ் சாந்துச் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் இடமில்லை.

முறையீடு செய்ய வேண்டியது யாரிடம்?

பெருநகர சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் குப்பை, தெருமரம், மழைநீர் வடிகால் தொடர்பானவற்றுக்கு 1913 என்ற எண்ணை அழைக்கலாம். தாம்பரம், ஆவடி ஆகியவை தனி மாநகராட்சிகள் என்பதால் அங்கு வசிப்போர் அவற்றையே அணுக வேண்டும். பெரிய ஏரிகள் பல நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. சதுப்புநிலமும் ஆமைகளும் வனத்துறைக்கு உரியவை. ஆலைக் கழிவும் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உரியவை. அழைத்ததும் முறையீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாளும் இடமும் தெரியும் படம் ஒன்றை உடன் வையுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அந்த எண்ணைச் சொல்லி மாமன்ற உறுப்பினரிடம் கேட்டால் மழுப்பலான விடைக்கு இடம் குறையும். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏரி, கழிமுகம், சதுப்புநிலம் ஆகியவற்றின் ஆக்கிரமிப்பும் மாசும் பற்றியவற்றைச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குக் கொண்டுசெல்ல முடியும். அப்போது முறையீட்டு எண்ணும் படமும் தகவல் மனுவுக்கு வந்த பதிலும் ஆவணமாகப் பயன்படும்.